மெர்ல் ட்வெட் தேர்ந்தெடுத்த மருந்து

அந்த வருஷம் மெர்ல் ட்வெட் ஒரு தீர்மானத்துக்கு வந்தான். போட்டியில் தான் சுடப்போகும் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து என்பதை இனி யாரிடமும் கேட்பதில்லை. கட்டிய மனைவியிடம் சுத்தமாகக் கேட்பதில்லை.

அமெரிக்காவின் மொன்டானாவில் அவர்கள் இருந்த பள்ளத்தாக்கில் கடைத் தோட்டாவை வாங்கிச் சுடுகிறவனுக்கு மரியாதை கம்மி. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து கழுவி, ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை வைத்து அமுக்கி, அதற்குப் பிறகு சுட்டால்தான் சுட்டதாகக் கணக்கு. மெர்ல் இதில் கெட்டிக்காரன். அவன் வார்த்த குண்டுகள் கடையில் வாங்கிய சாக்லேட் மாதிரி ஒன்றுபோல் இருக்கும். மருந்தின் எடையை மட்டும், தோட்டா செய்யும் முறை சொல்லும் புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்து, தராசில் ஒரு துகள் பிசகாமல் நிறுப்பான். எடை கூடினால் துப்பாக்கியே வெடிக்கும், விரல்கள் மேல் அவனுக்கு ஆசை இருந்தது. அந்தப் புத்தகத்தின் மற்றப் பக்கங்களை அவன் புரட்டியதில்லை. மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல் காலைக் காபியோடு அவற்றைப் படித்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி கோராலி.

அலமாரியில் இரண்டு டப்பா மருந்து இருந்தது. ஒன்று மெதுவாக எரிவது. நிறையப் போட வேண்டும். குண்டைத் துப்பாக்கிக் குழாய் முழுக்க விடாமல் விரட்டும். சுட்டால் மலை எதிரொலிக்கும். இன்னொன்று சட்டென்று எரிவது. கொஞ்சம் போட்டால் போதும். குண்டு நிதானமாகப் போகும். மெர்லுக்கு முதல் டப்பாதான் மருந்து. இரண்டாவது அவன் கணக்கில் இருமல் மருந்து. மேக்னம் ரிவால்வர் என்று பலசாலிப் பெயரை வைத்துக்கொண்டு அது கிசுகிசுத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

அவன் யாரிடமும் கேட்கவில்லைதான். ஆனால் கோராலி கேட்காமலே சொல்லக்கூடியவள்.

"மெர்ல், நீ வார்க்கிறது மெத்துனு இருக்கிற ஈயம். அதைப் போய் இந்த மருந்தால விரட்டினா பாதி ஈயம் குழாயிலேயே அப்பிக்கும். அப்புறம் குண்டு எங்க போகுதுன்னு குண்டுக்கே தெரியாது."

"யார் சொன்னது?"

"உன் புத்தகம்."

"என் புத்தகம் என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"அட்டவணைக்கு முன்னாடி பக்கம்னு ஒண்ணு இருக்கு."

"கோராலி, தலைவலிக்கு என்ன மருந்துன்னு உன்னைக் கேப்பேன். துப்பாக்கிக்கு என்ன மருந்துன்னு துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்குத் தெரியும்."

"தலைவலி எங்கிருந்து வருதுன்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் காபியைக் குடித்தாள்.

அவளுக்கு இதில் சொந்த வழக்கு ஒன்று இருந்தது. மெர்ல் ஒவ்வொரு தடவை சுட்டுவிட்டு வந்தபிறகும் குழாயில் அப்பிய ஈயத்தைச் சுரண்டுவது சாப்பாட்டு மேஜையில்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுடும் 'பை' என்ற இனிப்புப் பணியாரத்தில் துப்பாக்கி எண்ணெய் நாற்றம் அடிக்காத நாளில்லை. ஈயம் ஏன் அப்புகிறது என்று மெர்லைக் கேட்டால், நல்ல துப்பாக்கி என்றால் அப்படித்தான் என்பான்.

கடைசியில் அவள் வாதாடுவதை விட்டுவிட்டாள். தனக்கும் ஒரு பெட்டி தோட்டா வேண்டும், கொல்லையில் தகர டப்பாவைச் சுட்டுப் பழக, இரண்டாவது மருந்தில், என்று மட்டும் கேட்டாள். மெர்லுக்குத் தாராள மனசு. அதே கூடு, அதே குண்டு, புத்தகம் சொன்ன எடை என்று பழுதில்லாமல் செய்து கொடுத்தான். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்ததால் தன்னுடையதில் சிவப்பு டேப்பும் அவளுடையதில் நீல டேப்பும் ஒட்டினான். குழப்பம் வரக்கூடாது பாருங்கள்.

போட்டியில் கம்பத்தின் மேல் வரிசையாக இரும்புத் தட்டுகளை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துப் பண்ணை டுவெயின் ஆஸ்ட்பிதான் அங்கே வழக்கமாக ஜெயிப்பவன். ஜெயித்த கோப்பைகளை வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுபவன். அன்று அவன் ஒரு தட்டை விட்டுவிட்டான்.

மெர்ல் விடவில்லை. ஒவ்வொரு தட்டாக விழுந்தது. கடைசிச் சுற்றில்கூட, எப்போதும் குண்டுகள் காக்கைக் கூட்டம் மாதிரி சிதறும் அந்தச் சுற்றில்கூட, குண்டு அடித்த இடத்திலேயே அடித்தது. ரிவால்வர் வழக்கம்போல் கையை உதறவும் இல்லை. கோடை முழுக்க வைக்கோல் கட்டு தூக்கியதில் மணிக்கட்டு எப்படி உறுதிப்பட்டிருக்கிறது என்று மெர்ல் உள்ளுக்குள் பூரித்தான். சத்தம்கூடக் குறைந்திருந்தது. புதிதாக வாங்கிய காதடைப்பானை மனதாரப் பாராட்டினான்.

கோப்பையைக் கையில் கொடுத்ததும் அவன் நெஞ்சு ஒரு சட்டை அளவு கூடியது. எல்லோரும் மான்கறி சாசேஜைக் கடித்துக்கொண்டே அவனைச் சுற்றி நின்றார்கள். எப்படி இது என்று டுவெயினே கேட்டான். மெர்ல், கை பாதி, மருந்து பாதி என்று பொதுவாகச் சொன்னான். அப்போது கோராலி பை துண்டுகளை வைத்த தட்டோடு வந்து நின்றாள்.

"எந்த மருந்துன்னு பேரோட சொல்லேன், மெர்ல். எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்."

இவ்வளவு நல்ல மனைவியா என்று மெர்ல் அவளைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டான். பேரோடு சொன்னான். மெதுவாக எரியும் மருந்தின் பெருமையை ஒரு பிரசங்கமாகவே செய்தான். இன்னொரு மருந்தை இருமல் மருந்து என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். கோராலியும் சிரித்தாள். அந்த வாரமே ஊர்க் கடையில் மெர்ல் சொன்ன மருந்து ஒரு டப்பா மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்தது. கடைக்காரன் அவனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மெர்ல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து குழாயைச் சுரண்டத் தொடங்கினான். சுரண்ட ஒன்றும் வரவில்லை. துணியை விட்டு இழுத்தான். கொஞ்சம் கரியோடு வந்தது, ஈயம் ஒரு பொட்டு இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணாடியாக மின்னியது. கொஞ்ச நேரம் துப்பாக்கியையே பார்த்தான். பிறகு கோராலியைப் பார்த்தான்.

அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "டேப்பை மாத்தி ஒட்டினேன். உன் தோட்டாவெல்லாம் நீலப் பெட்டியில பத்திரமா இருக்கு."

"நான் சுட்டது அப்ப..."

"இருமல் மருந்து."

டுவெயினிடம் உடனே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ஊரே தப்பு மருந்தை வாங்கி வைத்திருக்கிறது என்று மெர்ல் எழுந்தான். தாராளமாகச் சொல், அப்படியே கோப்பை யாருடைய மருந்தில் வந்தது என்பதையும் சொல்லிவிடு என்றாள் கோராலி. மெர்ல் வாசல்வரை போனான். தொப்பியை எடுத்தான். கோப்பையைப் பார்த்தான். தொப்பியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து பை சாப்பிட்டான். முதல் தடவையாக அதில் ஹக்கிள்பெரி வாசனை அடித்தது.

பருவத்தின் கடைசிப் போட்டி வந்தது. ஊர் ஆண்கள் எல்லோரும் மெர்லின் மருந்தோடு வந்தார்கள். மலை எதிரொலித்தது. தட்டுகள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன. முதல் சுற்றுக்குப் பிறகு குழாய்களில் ஈயம் அப்பி, டுவெயினின் குண்டு தட்டை விட்டு மண்ணை அடித்தது. மெர்லும் தன் மருந்தோடுதான் சுட வேண்டியிருந்தது, ஊர் பார்த்துக்கொண்டிருந்ததே.

பெயர்ப் பட்டியலில் கடைசியாக நின்றவள் கோராலி. அவள் சுட்ட சத்தம் யாருக்கும் பெரிதாகக் கேட்கவில்லை. தட்டுகள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மெர்ல்தான் முதலில் கைதட்டினான். என்ன இருந்தாலும் அவன் வார்த்த குண்டு, அவன் கட்டிய மனைவி. பெருமை அவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

அவள் கோப்பையை வாங்கியதும் டுவெயின் பணிவாகக் கேட்டான், எந்த மருந்து போட்டாய் என்று.

"மெர்லைக் கேளு டுவெயின்" என்றாள் கோராலி. "எங்க வீட்டுல மருந்து விஷயம் எல்லாம் அவன் முடிவுதான்."