மாப்பிள்ளை காதில் பூண்டெண்ணெய்

காது கொடுத்துக் கேட்பவர்கள் ஊரில் அரிது. ஆனால் அடுத்தவர் காதுக்கு மருந்து சொல்லாவிட்டால் சோறு இறங்காத ஓர் இனம் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கடைவீதியில் நின்று சுண்டுவிரலைக் காதில் விட்டுப் பாருங்கள். வந்துவிடுவார்கள். துளசிச் சாறு என்பார் ஒருவர், வேப்பெண்ணெய் என்பார் இன்னொருவர், இரண்டும் ஆகாது, தும்பைப்பூதான் என்று சொல்வதற்காகவே மூன்றாமவர் பைக்கை நிறுத்தி இறங்குவார். காதுக்குள் எட்டிப் பார்த்தவர் மட்டும் யாரும் இருக்க மாட்டார்.

எங்கள் கடத்தூரில் இந்த இனத்துக்குத் தலைவர் உரக்கடை பூவரசன். பக்கத்து வீட்டு காஜா, பைக் சாவியால் குடைந்து குடைந்து காதில் அரிப்பை வரவழைத்துக்கொண்டான். அன்றைக்கு அவனுக்கு நிக்காஹ் வேறு. பூவரசன் விடுவாரா? நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, கரண்டியோடு வந்து நின்றார்.

"வலது காதுதாங்கண்ணா அரிக்குது" என்றான் காஜா.

"ஒண்ணுக்கு மட்டும் ஊத்துனா இன்னொண்ணு கோவிச்சுக்கும். சும்மா படுறா!"

ஊற்றி, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, சாயங்காலம் வரைக்கும் எடுக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். மேலே தலைப்பாகையும் பூச்சரமும் ஏறியதும் பஞ்சு யார் கண்ணிலும் படவில்லை.

மண்டபத்தில் நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் கேட்டார்: நிசார் அகமது மகள் நசீம் பானுவை மணக்கச் சம்மதமா? மாப்பிள்ளை தரையைப் பார்த்துப் புன்னகைத்தான். மறுபடி கேட்டார். அதே புன்னகை. அரூரிலிருந்து சொந்தபந்தத்தையெல்லாம் பஸ் வைத்துக் கூட்டிவந்திருந்த நிசார் அகமதுவுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"பையனுக்கு இஷ்டமில்லைங்களா? எங்க பொண்ண வெச்சு வெளையாடுறீங்களா?" என்று எழுந்துவிட்டார். அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள்.

காஜா காலையில் பஞ்சோடு எடுத்த செல்ஃபியை மணப்பெண்ணுக்கு அனுப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து நசீம் பானு கத்தினாள்: "அத்தா, அவரு காதுல பஞ்சு இருக்குது! மொதல்ல அதப் புடுங்கச் சொல்லுங்க!"

பிடுங்கினார்கள். மண்டபமே பூண்டு மணத்தது. மூன்றாம் முறை கேட்டதும் "கபூல்!" என்று காஜா போட்ட சத்தத்தில் மைக் அலறியது. நிசார் அகமது கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பூவரசன் வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா, எடுத்ததும் எப்படி டக்குனு கேக்குது! எல்லாம் பூண்டு செஞ்ச வேலைங்க."

சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பூண்டு என்று படித்தவுடனே, "அட, கற்பூரவல்லிச் சாறல்லவா விட்டிருக்க வேண்டும்!" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா இல்லையா? முணுமுணுத்திருந்தால் தயவுசெய்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். எனக்கு இடது காது லேசாக அரிக்கிறது.