பன்னிரண்டு வோல்ட்டும் உன் அக்காவும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே நலம். அங்கே நீயும் உன் எலெக்ட்ரிக் கடையும் அதே நலத்தோடு இருக்க வேண்டும். போன வாரம் போனில் நான் உன்னைப் பேசிய பேச்சுக்கு இதை மன்னிப்புக் கடிதமாக வைத்துக்கொள். முழு மன்னிப்பு இல்லை, முக்கால் மன்னிப்பு. கால்வாசியை ஏன் பிடித்து வைத்திருக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஓய்வு பெற்றபின் அக்கா கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்று நீ கேட்டபோது சமையல் குறிப்பு பார்க்கிறாள் என்றேன். அது பொய். ஓவர்கிளாக்கிங் செய்கிறாள். அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராசஸர் சிப்பை, செய்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே ஓட வைப்பது. கம்ப்யூட்டர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை இதற்கென்று ஒரு போட்டி, அதற்குப் பெயரும் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "முப்பது வருஷம் பள்ளிக்கூட லேப்ல அடுத்தவங்க சோதனைக்குக் குழாய் கழுவினேன். இது என் சோதனை. நீங்க கொஞ்சம் ஓரமா உக்காருங்க" என்றாள். நான் உட்கார்ந்தேன். என் வாய் உட்காரவில்லை.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்க நீ அன்பளிப்பாகத் தந்த பழைய பவர் சப்ளை டப்பாவில்தான் முதலில் ஓட்டினாள். வேகம் நாலே முக்கால் கிகாஹெர்ட்ஸைத் தொட்டதும் திரை பட்டென்று அணைந்தது, விசிறி நின்றது, யாரோ பிளக்கைப் பிடுங்கினது போல. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. நாற்பது வருஷம் வெல்டிங் பட்டறை நடத்தியவனாயிற்றே, கரண்ட் விஷயத்தில் எனக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு. "சாப்பாடு பத்தல" என்றேன். உன்னைப் போனில் கூப்பிட்டு, உதவாக்கரை டப்பாவைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கத்தியது அப்போதுதான். எழுநூற்றைம்பது வாட்டில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினோம். அணைவது நின்றது, ஐந்து கிகாஹெர்ட்ஸ் தாண்டி ஓடியது. அந்தக் கால்வாசி மன்னிப்பு இதற்காகத்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுநூற்றைம்பதுக்கு ஐந்து என்றால் ஆயிரத்து ஐந்நூறுக்குப் பத்து என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஐந்தே காலுக்கு ஏற்றியதும் திரை நீலமாகி நின்றுவிட்டது. வீட்டுக்குள் வரும் கரண்ட்டை வேறு யாரோ குடிக்கிறார்கள் என்று முடிவுகட்டி ஃப்ரிட்ஜை அணைத்தேன், மோட்டாரை அணைத்தேன், அதோடு விடாமல் மேல்வீட்டுக்காரரிடம் போய் இஸ்திரிப் பெட்டியைப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னேன், பாவம் அவர் மரியாதைக்கு நிறுத்திவிட்டு ஒரு கை மட்டும் தேய்த்த சட்டையோடு ஆபீஸ் போனார், இங்கே மறுபடி போட மறந்த ஃப்ரிட்ஜில் பால் திரிந்தது, திரை மட்டும் நீலமாகவே நின்றது. சரி, புது சப்ளைதான் கோளாறு என்று அதைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வாங்கின கடைக்குப் போனேன். கடை மெக்கானிக் அதன்மேல் முழு லோடையும் ஏற்றிவிட்டு மீட்டரை என் பக்கம் திருப்பினார். பன்னிரண்டு வோல்ட், அசையவில்லை. "ஐயா, இது மேல தப்பே இல்ல. சும்மா இருக்குறத ஏன் சந்தேகப்படுறீங்க?" என்றார்.

அன்று சாயங்காலம் என் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன், இந்த முறை வாயையும் சேர்த்து. சப்ளையிலிருந்து சிப் பக்கம் போகும் மஞ்சள் கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துக் கவ்வினேன். பதினாறு ஆம்பியர் காட்டியது. ப்பூ, இவ்வளவுதானா என்றேன்.

"இது பன்னெண்டு வோல்ட்ல பதினாறு. சிப்புக்குள்ள பன்னெண்டு வோல்ட் போகாது. போர்டுல சின்னச் சின்னக் கறுப்புக் கட்டையா வரிசையா இருக்கு பாருங்க, அதுங்க இறக்கி இறக்கி ஒண்ணேகால் வோல்ட்டாக்கிக் கொடுக்குது. அப்ப ஆம்பியர் எவ்வளவு ஆகும்? உங்க தொழில்தானே, சொல்லுங்க."

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். வழியில் வீணாவதைக் கழித்தாலும் நூற்று முப்பதுக்குக் குறையவில்லை. மச்சான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வோல்ட்டை இறக்கி ஆம்பியரை ஏற்றுவதுதான் என் வெல்டிங் மெஷினும் செய்த வேலை. இரும்புத் தூணை ஒட்ட நான் வைத்த அளவு நூற்று இருபது. அதற்கே முகமூடி மாட்டி, தீப்பொறிக்குப் பயந்து நாலு அடிக்குள் யாரையும் விடமாட்டேன். அதைவிட அதிகமான கரண்ட் என் கட்டைவிரல் நகம் அளவு சிப்புக்குள் போகிறது, பொறி இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை, பக்கத்தில் உன் அக்கா காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் 'ம்' என்று சொல்லி முடிப்பதற்குள் அது நூறு கோடி தடவை துடித்துவிடுகிறதாம். நான் நாற்காலியை நாலு அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன். உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்புறம்தான், "அவ்வளவு கரண்ட் போனா சூடு எங்கடி போகுது?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி இப்பதான் வந்துச்சு" என்றாள். திரையில் தொண்ணூற்றெட்டு டிகிரி. சிப்பின் மேல் உட்காரும் கூலரைக் கழற்றித் தரச் சொல்லி, அதன் செம்பு அடிப்பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். நடுவில் முடி அளவுக்குப் பள்ளம், அங்கே செம்பு சிப்போடு ஒட்டாததால் சூடு மேலே ஏறவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உப்புக் காகிதத்தை விரித்து, எட்டுப் போடுவது போல மூன்று மணி நேரம் தேய்த்தேன். கடைசியில் அதில் என் முகம் தெரிந்தது. மாட்டி ஓட்டினோம், பதினோரு டிகிரி இறங்கியது. ஐந்தே காலில் நின்று ஓடியது. உன் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

போட்டியில் மெஷின் இருபது நிமிஷம் அணையாமல் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும், முடித்ததில் அதிக வேகம் எதுவோ அது ஜெயிக்கும். ஒன்பது பேர் மெஷினில் ஆறு நீலமாயின. பன்னிரண்டாவது நிமிஷம் எங்கள் விசிறி கத்த ஆரம்பித்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். "திறங்க, முடிஞ்சிருச்சு" என்று தோளைத் தட்டினாள். இரண்டாவது இடம். முதல் இடம் ஒரு பல் டாக்டருக்கு. வருத்தமா என்று கேட்டேன். "அவருக்கு வாய்ச்ச சிப் அப்படி. ஒரே சிலிக்கான் தட்டுல செஞ்சாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. என்னோடது எதுவரைக்கும் போகும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது போதும்" என்றாள். முப்பது வருஷம் குழாய் கழுவினவள் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டே மெஷினைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் படியிறங்கினேன்.

ஆகவே மச்சான், பவர் சப்ளை பற்றாமல் போனால் அணையும். பற்றினால் அதோடு அதன் வேலை முடிந்தது, அதற்கு மேல் எத்தனை வாட் வாங்கினாலும் சும்மா கிடக்கும். பெரிய டப்பா வாங்கினால் வேகம் கூடும் என்று உன் கடைக்கு வருகிறவர் யாரிடமும் சொல்லாதே. வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல், கேட்டது கிடைத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அத்தான்

பி.கு.: உறையில் போடுமுன் உன் அக்கா இதைப் படித்தாள். அடுத்த மாதப் போட்டிக்கு விசிறி கிடையாதாம், சிப்பின் மேல் திரவ நைட்ரஜனை ஊற்றுவார்களாம். அந்தக் குளிரில் சூடு ஒரு தடையே இல்லையாம், சிப் இப்போது குடிப்பதைப் போல மூன்று நாலு மடங்கு குடிக்குமாம், எழுநூற்றைம்பது வாட் அங்கே தாங்காதாம், பவர் சப்ளைதான் குறுக்கே நிற்குமாம். எனவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, உன் கடையில் இருப்பதிலேயே பெரிய டப்பாவை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவை. அக்கா இப்போது என் வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.