மாமனார் கடிகாரம் கைமாறிய விதம்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் தொழிற்சாலை மேனேஜர் என்னை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பினார். இரண்டாவது, அதைத் தட்டிக்கேட்க வேண்டிய சங்கம், நான் வளர்த்த சங்கம், அவரோடு உட்கார்ந்து டீ குடித்தது. மூன்றாவது, அந்தத் துரோகத்தைக் கண்டித்து நான் எழுதிய துண்டறிக்கையில் 'வெல்வோம்' என்பதை அச்சகக்காரர் 'செல்வோம்' என்று அடித்துவிட்டார். கூடியிருந்த கூட்டம் படித்துப் பார்த்துவிட்டுச் சென்றது. நான்காவது அநீதி போன மாதம் ஏலக்கூடத்தில் நடந்தது. செய்தது என் மனைவி.

கல்யாணமான முதல் நாளே அவளுக்கு ஒரு கொள்கை விளக்கக் கூட்டம் நடத்தியவன் நான். இந்த வீட்டில் முதலாளி என்று யாரும் கிடையாது, எல்லாரும் சமம் என்றேன். அப்போ பாத்திரத்தைத் தேய்த்து வையுங்கள் என்றாள். அன்றிலிருந்து தேய்க்கிறேன்.

அந்தக் கல்யாணத்தில் மாமனார் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டார். தினமும் சாவி கொடுக்கும் ரகம். மாப்பிள்ளை கூட்டம் கூட்டமென்று அலையாமல் நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும் என்ற உள்நோக்கம் கொண்டது. நான் அதைக் கட்டிக்கொள்ளவில்லை. அலமாரியில் போட்டேன். மனைவிதான் தினமும் காலையில் எடுத்து, முந்தானையால் துடைத்து, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு வைப்பாள்.

இந்த வருடம் ஓர் உறுதி எடுத்தேன். என் துண்டறிக்கைகள் அனைத்தும், எழுத்துப்பிழை நீக்கி, ஒரே புத்தகமாக வர வேண்டும். அதற்குக் கடிகாரம் போக வேண்டும்.

ஏல நிலவரத்தை அக்கறையாக ஆராய்ந்தேன். கொஞ்ச காலம் முன்புவரை பெரிய முகம் கொண்ட கடிகாரங்களுக்குக் கிராக்கி. இப்போது அவை படுத்துவிட்டன. சின்ன முகம், சாவி கொடுப்பது, மெருகு போடாதது, இவைதான் ஏறுமுகம். முகம் வெளுத்து, உடம்பில் கீறல் இருந்தால் அசல் என்று இன்னும் அதிகம் கேட்கிறார்கள். அப்படியானால் என்னையே ஏலம் விடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஓடுற நிலையில இருக்கணும்னு போட்டிருக்குமே," என்றாள்.

கடிகாரத்தைத்தான் விற்கப்போகிறேன் என்று சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது எங்கப்பா கொடுத்தது."

"எனக்குக் கொடுத்தது."

"தினம் சாவி கொடுத்தது யாரு? உழைக்கிறவங்களுக்கே சொந்தம்னு ஊரெல்லாம் நோட்டீஸ் போட்டது யாரு?"

அது தொழிற்சாலைக்கு எழுதியது, அலமாரிக்கு அல்ல என்று விளக்கினேன். அவள் பேசாமல் போய்விட்டாள். பேசாமல் போகிற பெண்ணை நம்பக்கூடாது என்று ஒரு துண்டறிக்கையாவது எழுதியிருக்க வேண்டும்.

ஏலத்தன்று அவளும் கிளம்பி நின்றாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பெருந்தன்மையாக அனுமதித்தேன்.

கூடத்து வாசலில் ஒரு குமாஸ்தா, வாங்க வந்தவர்களுக்கு எண் எழுதிய அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் வேறு பெயர் எழுதித் தரலாமாம். பெயரை மறைத்துச் சொத்து வாங்குவது சுரண்டுகிறவர்களின் குணம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் மனைவி கையில் ஓர் அட்டை.

"இது எதுக்கு?"

"விசிறிக்க. உள்ள ஒரே புழுக்கம்."

உண்மையிலேயே விசிறிக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் விசிறினாள்.

பன்னிரண்டாவதாக எங்கள் கடிகாரம் வந்தது. ஏலக்காரர் அதன் கீறல்களைப் புகழ்ந்தார். முன்வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை அட்டையைத் தூக்கியது. பின்னால் யாரோ கொஞ்சம் கூட்டினார்கள். வெள்ளைச் சட்டை இன்னும் கூட்டியது. என் புத்தகம் கெட்டி அட்டை போட்டுக் கண்முன் வந்து நின்றது. அப்போது மனைவி என் காதருகே குனிந்தாள்.

"அந்த வெள்ளைச் சட்டை யாரு தெரியுதா? உங்க மேனேஜரோட மருமகன்."

என்னை வாசலோடு அனுப்பியவரின் குடும்பம், என் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் நடப்பதா? விற்பவர் ஏலம் கேட்கக்கூடாது என்பது கூடத்து விதி. ஆனால் மனைவியின் கையில் அட்டை இருந்தது. பிடுங்கித் தூக்கினேன்.

"வேண்டாங்க, விலை ஏறுது," என்று என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏறட்டும். ஒரு முறை விட்டுக் கொடுத்தது போதும்."

வெள்ளைச் சட்டை தூக்கினால் நான் தூக்கினேன். தூக்காதபோதும் தூக்கினேன். என் விலைக்கு மேல் நானே போவதாக ஏலக்காரர் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் வெள்ளைச் சட்டை அட்டையை மடியில் வைத்தது. சுத்தியல் விழுந்தது. வாழ்க்கையில் நான் முழுதாக வென்ற ஒரே போராட்டம்.

வென்றவன் தோற்றவனை நலம் விசாரிப்பது பண்பு. எழுந்து போய், "உங்க மாமனார் சௌக்கியமா?" என்று கேட்டேன்.

அவர் குழம்பிப் பார்த்தார். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க. கடிகார ரிப்பேர் கடை வெச்சிருக்கேன்."

மனைவியிடம் திரும்பி வந்தேன். "மேனேஜர் மருமகன்னு சொன்னியே?"

"யாரு முதல்ல கை தூக்குறாங்களோ அவங்களைத்தான் சொல்றதா இருந்தேன்," என்று விசிறிக்கொண்டாள். "அவரு தூக்கிட்டாரு."

கணக்கையும் அவளே சொன்னாள். விற்றதில் எனக்கு வர வேண்டியதும் அட்டைக்கு உரியவர் கொடுக்க வேண்டியதும் ஒன்றுதானாம், நேராகிவிடுமாம். கூடத்துக் கமிஷன் மட்டும், அச்சகத்துக்கு என்று நான் எடுத்து வைத்ததிலிருந்து போகுமாம்.

போகட்டும், கடிகாரமாவது நமக்கே திரும்பியதே என்றேன்.

"நமக்கா?" என்றாள்.

ஏலக்காரர் அழைத்தார். வாங்கியவர் எழுதித் தந்த பெயரை இரண்டு சாட்சிகள் முன் உரக்கப் படிப்பது அந்தக் கூடத்து வழக்கம். சாட்சிகளாக ரிப்பேர் கடைக்காரரையும், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு என்னையும் நிறுத்தினார். சீட்டைப் பிரித்தார்.

"பன்னிரண்டாம் கடிகாரம். இன்று முதல் உரிமையாளர்: முதலாளியம்மா."