கப்பல்காரருக்கு ஒரு வயிறு தேவை

கடலைப் பற்றிக் கொல்லிமலைக் கப்பல்காரருக்கு இருந்த தெளிவு எந்த மாலுமிக்கும் இருக்காது. அவர் கடலையே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், "பாக்காததாலதானுங்க எனக்குக் கொழப்பமே இல்ல" என்பார்.

மலை மேல் பைல் நாடு என்கிற பகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த மனிதர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கடையில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவர் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருப்பார். "கப்பல்காரரே!" என்றால்தான் திரும்புவார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது மிளகு பறிக்க. அதற்கு முன் போர்வெல் லாரியில் இருந்தேன். அதற்கு முன் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். அதற்கும் முன் ஏழாம் வகுப்பில் இருந்தேன். மூன்றிலும் நிலைக்கவில்லை. முள்ளுக்குறிச்சியில் ஒரு லாரியில் தொற்றி மலையேறி இறங்கியபோது என்னிடம் ஒரு துணிப்பையும், முதல் நாள் சாப்பிட்ட இட்லியின் நினைவும் இருந்தன.

கப்பல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏணி ஏறுவியா சாமி?"

"ஏறுவேங்க."

"கப்பல் பாத்திருக்கறயா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. தப்புத்தப்பா யோசனை சொல்ல மாட்டே. உள்ள வா, மொதல்ல சோறு திங்கலாம்."

உள்ளே போனால், டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கப்பல் இருந்தது. பலாக்கட்டையில் செதுக்கியது. ஒரு கை நீளம். இரண்டு பாய்மரங்கள், சுக்கான், நங்கூரம், எல்லாம் இருந்தன. பாய் மட்டும் இல்லை. பாய் இருக்க வேண்டிய இடத்தில் பழைய வேட்டித் துண்டுகள் தொங்கின.

"துணி காயப் போட்டாப்ல இருக்குதுல்ல?" என்றார் அவர் மனைவி, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். "இந்தக் கொடுமை எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளு கண்ணு."

ஆரம்பித்தது மகள் கல்யாணத்தில். அந்தப் பெண் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கூட வேலை பார்த்த தூத்துக்குடிப் பையனைப் பிடித்துப்போனது. கல்யாணம் மலைக் கோயிலில். பையனின் அப்பா சின்ன வயதிலிருந்து தோணியில் பாய் கட்டி வளர்ந்தவர். அவர்கள் வேனில் வந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் சம்பந்தி வயிற்றில் இருந்ததையெல்லாம் வழியிலேயே விட்டுவிட்டு, பிழிந்த துண்டு மாதிரி வந்து இறங்கினார். அப்போது வெறும் மிளகுக்காரராக இருந்த நம் ஆளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, அலையில போறவருக்கு ரோட்டுல தலை சுத்துதுங்களா?"

சம்பந்தி வாயைத் துடைத்துக்கொண்டார். "சிரிங்க சம்பந்தி, நல்லாச் சிரிங்க. எங்க ஊருக்கு வாரப்போ கப்பல்னா என்னன்னு காட்டுதேன். அதுவரைக்கும் காலண்டர்ல பாத்துக்கிடுங்க."

"நீங்க என்னத்தைக் காட்டறது? நான் வாரப்ப எங்கூட்டுக் கப்பலோட வாரேன். அது இல்லாம உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

பந்தியில் பேசிய பேச்சு. எல்லோரும் அதைப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள். இவர் மட்டும் மறுநாளே உளியை எடுத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்வதற்குள் மகளுக்குத் தூத்துக்குடியிலேயே பிரசவமாகி, பேத்தி பிறந்து, தவழ ஆரம்பித்திருந்தாள். அம்மா போய்ப் பார்த்து வந்துவிட்டார். இவர் போனில் மட்டும் பார்த்தார். இப்போது குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். மகளுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லாததால், தாய்மாமன் மடிக்குப் பதில், அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் மடிதான்.

"கப்பல் முடியலேன்னா போக மாட்டாராம்" என்றார் அம்மா. "புள்ளைய யாரு மடியில உக்கார வெக்கறதாம்? கப்பலு மேலயா?"

"முடிஞ்சுரும். காத்து மட்டுந்தான் பாக்கி" என்றார் கப்பல்காரர்.

காற்றுக்கு அவர் முதலில் நம்பியது டேபிள் ஃபேனை. ஃபேனைப் போட்டால் பாயெல்லாம் பிரமாதமாகப் புடைத்தது. கரண்ட் போனதும் கப்பல் நடுக்கடலில் நின்றது. எங்கள் பக்கத்துக் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நின்று போகாத காற்று வேண்டும் என்ற முடிவுக்கு அவர் அன்றுதான் வந்தார்.

துணியை மரவள்ளி மாவுக் கஞ்சியில் முக்கி, புடைத்த எதன் மேலாவது போர்த்திக் காயவைத்தால் அதே வடிவில் விறைத்து நிற்கும். யோசனை சரி. எதன் மேல் போர்த்துவது? பானை மேல் போட்டார். கொட்டாங்குச்சி மாதிரி வந்தது. பலாப்பழத்தின் மேல் போட்டார். புடைப்பு நன்றாக இருந்தது. ஆனால் பாய் முழுக்க முள் தடம்.

"அம்மை போட்ட பாயி" என்றார் அம்மா.

போனில் கப்பல் வீடியோக்கள் பார்ப்பார். எங்கள் மலையில் சிக்னல் ஒரு மரத்தடியில் மட்டும் கிடைக்கும், அதுவும் அரைகுறையாக. கப்பல் வரும், பாய் வீங்கும், அப்படியே படம் நின்றுவிடும். மற்றவர்கள் போனைத் திட்டுவார்கள். இவர் சந்தோஷப்பட்டார். பாய் ஓடாமல் நிற்கிறதே! மூக்கு திரையில் படும்படி வைத்துக்கொண்டு ஒரு நாள் கண்டுபிடித்தார். "சாமி, புடைப்பு நடுவுல இல்ல பாரு. கொஞ்சம் கீழ எறங்கித் தொங்குது. இதை நான் எங்கியோ பாத்திருக்கறேன்."

எங்கே என்பது மறுநாள் டீக்கடையில் தெரிந்தது. டீக்கடைக்காரர் பனியனை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தார். கப்பல்காரர் டீயைக் கீழே வைத்தார். அந்த வயிற்றை, சாமி கும்பிடுகிறவர் மாதிரி பார்த்தார்.

"ஏனுங்க, மத்தியானம் கொஞ்சம் மல்லாக்கப் படுப்பீங்களா?"

"எதுக்கு?"

"கப்பலுக்குங்க."

படுத்தார். அந்த மலையில் கப்பல்காரருக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. வயிற்றின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கஞ்சித் துணி. கடை வாசலில் நல்ல வெயில்.

"மூச்சு விடாதீங்க, சுருங்குது."

"மூச்சு விடலேன்னா இதையே எம்மேல முழுசாப் போத்திருங்க!"

காய்ந்து எடுத்தபோது நான் அசந்துபோனேன். அது துணி இல்லை. அதற்குள் ஒரு காற்று நின்றிருந்தது. பெரிய பாய் தயார். நடுப்பாய்க்கு பஸ் கண்டக்டரின் வயிறு. டிரிப்புக்கு நடுவில் வண்டி நிற்கும் நேரத்தில் பின் சீட்டில் படுக்கவைத்து எடுத்தார். இந்தச் செய்தி பரவியதும் பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் தொப்பை உள்ளவர்கள்கூட, இவர் வருகிறார் என்றால் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நிற்க ஆரம்பித்தார்கள்.

உச்சியில் இருக்கிற சின்னப் பாய்க்குச் சின்ன வயிறு வேண்டும். நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கப்பல்காரர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இதுல போட்டா கப்பல் பின்னால போகும் சாமி."

உண்மைதான். என் வயிறு அப்போது முதுகுப் பக்கமாகக் குடியிருந்தது. அவர் உள்ளே திரும்பி, "புள்ளே, இவனுக்கு இன்னொரு கை சோறு போடு" என்றார்.

பிறகு பனி வந்தது. கொல்லிமலைப் பனிக்குக் கஞ்சி விறைப்பு எம்மாத்திரம்! பாயெல்லாம் துவண்டு தொங்கின. வெளியே வெயிலில் வைத்துவிட்டு மிளகுக்கு ஏணி போடப் போனோம். திரும்பி வந்தால் அம்மா வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"ஏனுங்க, கண்டக்டரை மாடு தின்னுபோடுச்சு."

மரவள்ளிக் கஞ்சி மாட்டுக்குப் பிடிக்கும் என்பது அந்த மலையில் குழந்தைக்கும் தெரியும். கப்பல்காரருக்கும் தெரியும். ஆனால் அவர் மனதில் அது கஞ்சியாக இல்லை. காற்றாக இருந்தது. மாட்டை அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் முகத்தையே பார்த்தார். "ருசி எப்படீன்னு சொல்லுது பாரு" என்றார்.

காதுகுத்து நெருங்கிவிட்டது. அம்மா கோபப்படுவதை நிறுத்திவிட்டார். அதுதான் பயமாக இருந்தது. மகள் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, வாரீங்களா இல்லீங்களா?"

"வாரேன் கண்ணு" என்றார். குரலில் எந்தச் சந்தேகமும் இல்லை. போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தார்.

இந்த முறை கஞ்சி இல்லை. தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்தார். பாயின் ஓரம் மடித்துத் தைத்து, உள்ளே மெல்லிய செம்புக் கம்பி விட்டார். நன்றாக வளைந்தது. அந்தக் கம்பி என் போன் சார்ஜருக்குள் இருந்தது என்பதை நான் இரவு சார்ஜ் போடப் போனபோது தெரிந்துகொண்டேன். டீக்கடைக்காரர் மறுபடி படுத்தார். கண்டக்டர், "இது மாட்டுக்கா, கப்பலுக்கா?" என்று கேட்டுவிட்டுப் படுத்தார்.

உச்சிப் பாய் பாக்கி. கப்பல்காரர் ஊரையெல்லாம் மனதில் ஒருமுறை சுற்றிவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சாமி, சட்டையைத் தூக்கு."

தூக்கினேன். அந்த வீட்டுக் களியும் கிழங்கும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. எனக்கே அதுவரை தெரியாது.

"படு" என்றார்.

கடைசியாக உச்சியில் சிவப்புக் கொடி. அதுவும் பசையில் முக்கி விறைத்தது. பாய் விஷயத்தில் எத்தனையோ சந்தேகப்பட்டவர், கொடி விஷயத்தில் யோசிக்கவே இல்லை. பண்டிகை நாளில் பஸ்ஸுக்கு முன்னால் கட்டுகிற கொடி எப்படிப் பறக்கும்? பின்னால்தான். அப்படியே ஒட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் போகிறவர்கள்.

தூத்துக்குடிக்கு மூன்று பேரும் போனோம். கப்பல் வழி முழுக்க என் மடியில். முதல்முறையாகக் கடலைப் பார்த்ததும் கப்பல்காரர் முகம் சுருங்கியது.

"இவ்வளவு தட்டையாவா இருக்கும்? ஒரு மேடுகூட இல்ல."

சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். கப்பலை என்னிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் நீட்டினார். சீர்த்தட்டெல்லாம் அம்மா கையில். உறவு முழுக்கக் கூடிவிட்டது. சம்பந்தி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய பாயை விரல் நுனியால் தொட்டார். கீழிருந்து பார்த்தார், பக்கத்திலிருந்து பார்த்தார்.

"காத்து நிக்கி" என்றார் மெதுவாக. "நெசமாவே நிக்கி."

கப்பல்காரர் ஒரு செருப்பைக் கழற்றினார்.

அதற்குள் சம்பந்தியின் கண் கொடிக்குப் போய்விட்டது. அவர் உடம்பு குலுங்கியது. "சம்பந்தி! பாய்க்குக் காத்து பின்னாலருந்து வருது. கொடிக்கு முன்னாலருந்து வருதே? ஒரே கப்பலுக்கு ரெண்டு காத்தா? காத்து போற பக்கம்தானே கொடியும் பறக்கும்!"

கூட்டம் சிரித்தது. உள்ளிருந்து குழந்தையோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். கப்பல்காரர் கொடியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். தப்பு புரிந்துவிட்டது. கழற்றிய செருப்பின் மேல் கால் மறுபடி போய் நின்றது. பிறகு மகளைப் பார்த்தார்.

"கப்பலு உங்க ஊருக் காத்துலதாஞ் சம்பந்தி போகுது" என்றார். "கொடி மட்டும் எங்க மலையைத் திரும்பிப் பாத்துக்குது. பாக்கட்டுமே, என்ன இப்ப?"

சிரிப்பு நின்றது. சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கட்டும்" என்றார். பக்கத்தில் ஒரு பையன் கொடியைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினான். "தொட்டுறாதல!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

இரண்டு செருப்பும் கழன்றன. குழந்தை அப்புச்சி மடியில் உட்கார்ந்து, காது குத்தியபோது அவர் மீசையைப் பிடித்து இழுத்து ஊரைக் கூட்டினாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மீசை வலி என்றார்.

பந்தியில் சம்பந்தி கேட்டார். "பாயெல்லாம் எதுல வச்சு வடிவு எடுத்திய?"

கப்பல்காரர் மறைக்கவில்லை. டீக்கடையைச் சொன்னார், கண்டக்டரைச் சொன்னார். பந்திக்கே புரையேறியது. "உச்சிப் பாய்?" என்றதும், இலையிலிருந்து தலை தூக்காமல் என்னைக் கைகாட்டினார்.

"அது எங்கூட்டு ஆளுங்க. வந்தப்ப வயிறு உள்ளார கெடந்துது."

அடுத்த மிளகுக்கு முன்பே நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். எனக்கு எங்கேயும் கால் நிற்காது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. வயிறு மறுபடி உள்ளே போன நாட்களும் உண்டு. தூத்துக்குடியில் ஒரு வீட்டு அலமாரியில் மட்டும் அது இன்னும் நிறைந்தே நிற்கிறது.