அளந்து பார்க்காமல் அசையாதவர்

நம்மூரில் ஒரு வகை மனிதர் உண்டு. வீடு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றமாட்டார். எத்தனை டிகிரி என்று முதலில் பார்ப்பார். இந்த இனத்துக்கு 'அளவுப் பிரியர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். காரைக்காலில் அவருக்கு மார்ட்டின் என்று பெயர்.

பட்டினச்சேரிப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனி. மீன்காரர்களுக்கு ஐஸ் சீட்டு அடித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் ஒரு வாரமாக ஆமையாய் நகர, சீட்டு அடிக்கும் ஜெனிஷா, அதைப் பழுதுபார்க்கும் மார்ட்டினுக்குப் போன் போட்டாள். வந்தார். உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார். என்ன கோளாறு என்று கேட்டாரா? அது பாமரர் கேள்வி அல்லவா?

"போன வாரம் நீங்க வந்துட்டுப் போனதுலேருந்துதான் அண்ணே இப்புடி இருக்கு."

"அது உன் அபிப்பிராயம்மா. எனக்கு நம்பர் வேணும்."

கம்ப்யூட்டரின் மூளையான செயலி, அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சின்ன இடம் கேஷ் மெமரி. தேடியது அங்கே இல்லாவிட்டால் அது ஒரு 'மிஸ்'. இவற்றை எண்ணுவதற்கென்று செயலிக்குள்ளேயே நான்கு கவுண்ட்டர்கள். மார்ட்டினுக்கோ எட்டுச் சங்கதிகளை எண்ண வேண்டும். ஆகவே நான்கையும் முறைவைத்து ஓடவிட்டு, படித்ததற்கு ஒன்று, எழுதியதற்கு ஒன்று, முதல் அடுக்குக்கு ஒன்று, கடைசி அடுக்குக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி அமைத்து, அமைத்தது சரிதானா என்று பார்க்க மறுபடியும் கலைத்து அமைத்து, திரையில் எண்கள் கொட்டக் கொட்ட முகம் மலர்ந்துகொண்டிருந்தார். சீட்டு வரவில்லை.

வாசலில் வரிசை. கடைசியில் நான், முதலில் காசியம்மா, இரண்டு கூடை கானாங்கெளுத்தியோடு. பதினொரு மணி வெயில். அந்த மீன் வெயில் தாங்காது. அவளுக்கு அன்றைய பிழைப்பே அந்த இரண்டு கூடைதான்.

"தம்பி, செவுளு வெளுத்துக்கிட்டு வருது. ஐஸக் குடுக்கச் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம்மா, இன்னும் சாம்பிள் பத்தல."

"இந்தச் செவுள எண்ணுமா உங்க மிசினு?"

எண்ணாது. அதற்குக் கவுண்ட்டர் கிடையாது.

ஜெனிஷா பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பழைய நோட்டைக் கிழித்துக் கையாலேயே சீட்டு எழுதினாள். பத்தே நிமிடத்தில் வரிசை கரைந்தது. காசியம்மாவின் ஒரு கூடை பிழைத்தது; இன்னொன்று கருவாட்டுக்குப் போயிற்று. மார்ட்டினை உதைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

"புடிச்சிட்டேன்!" என்று அவர் துள்ளி எழுந்தார். போன வாரம் அவரே ஓடவிட்டு, நிறுத்த மறந்துபோன கவுண்ட்டர்தான் குற்றவாளி. நூறு மிஸ்ஸுக்கு ஒரு தடவை செயலியின் கையைப் பிடித்து நிறுத்திக் குறிப்பு எழுத வைத்துக்கொண்டிருந்தது.

"அதத்தானே அண்ணே நான் மொதல்லயே சொன்னேன்?"

"நீ சொன்னே. நான் நிரூபிச்சேன்ல!"

அதை நிறுத்தினார். இனி யாரும் இப்படி மறந்துவிடாமல் கண்காணிக்க இன்னொரு கவுண்ட்டரை ஓடவிட்டுவிட்டுக் கிளம்பினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காலையில் உங்கள் வீட்டில் இரண்டு தடவை கூப்பிட்டார்களே, காதில் விழுந்ததா? நேற்று எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் கூப்பிட்டது, கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்கத்தான்.