அறுபதாம் நம்பர் நரம்பும் மாமனாரின் மோட்டாரும்

எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் என் நன்மைக்காகப் பேசுகிறார் என்றால் இரண்டு காதும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இந்த வியாதியை வைத்துக்கொண்டுதான் கல்யாணமும் செய்துகொண்டேன்.

நான் கருமத்தம்பட்டிக்காரன். விசைத்தறி ஓட்டுகிறேன். பெண் எடுத்தது உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பத்தில். கல்யாணம் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கறிவிருந்து. எங்கள் பக்கம் அது சாதாரண சாப்பாடு இல்லை. வந்திருக்கிற மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பெண் வீட்டுச் சொந்தம் மொத்தமும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எடை போடுகிற நாள். மாமனார் மூன்று நாள் முன்பே போன் செய்தார்.

"மாப்ள, வெள்ளாடு ஒண்ணு சொல்லி வெச்சுப்போடட்டுங்களா?"

"ஆடெல்லாம் வேண்டாங்க மாமா. நம்ம தோப்புக் குட்டையில மீன் கெடக்குதுல்லங்க? நானே புடிக்கறனுங்க. இருவது பேருக்கு மீன் விருந்து என் பொறுப்பு."

(அந்த நாள் வரை நான் பிடித்த மீன் ஒன்றுகூட இல்லை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.)

மாமனார், "மாப்ள சொன்னாச் சரிதானுங்க" என்றார். மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத இந்த மரியாதை இருக்கிறதே, அது எங்கள் ஊர்களில் நிறைய விருந்துகளைக் கவிழ்த்திருக்கிறது.

மறுநாள் கோயமுத்தூரில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. என்ன மீனுக்கு என்று கேட்டார். குட்டை மீன், ஜிலேபிக் கெண்டை என்றேன்.

"அப்பத் தூண்டில் நரம்பு இருவதாம் நம்பரே போதுமுங்க."

இங்கேதான் எனக்குக் காது அடைத்தது. தறிக்காரனிடம் நம்பர் பேசுகிறார்! நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இருபதாம் நம்பர் மொத்தை, அறுபது மெல்லிசு, நூறு என்றால் தலைமுடி மாதிரி. இது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். மீன் கண்ணில் படாமல் இருக்க மெல்லிய நரம்பு வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

"அறுபது குடுங்க."

"அறுபது கடலுக்குங்க. பிரிச்சுக் காட்டறனுங்க, ஒருக்காப் பாத்துப்போட்டு..."

"நூலப் பத்தி எனக்குச் சொல்லித் தராதீங்க. மூணு தலைமொறையாத் தறி ஓட்டறோம். கட்டுங்க."

அடுத்தது கொக்கி. ஜிலேபிக்கு வாய் சிறியது என்று அவர் பன்னிரண்டாம் நம்பர் கொக்கியை எடுக்கப் போனார். கொக்கி இரும்பாயிற்றே, இரும்புக்கு வேறு கணக்கு! ஸ்பேனரில் நம்பர் ஏறினால் சைஸும் ஏறும். ஆகவே ரெண்டாம் நம்பர் கேட்டேன். கவரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அவரை முறைத்தேனே தவிர, கவரைப் பார்க்கவில்லை. கம்பிலும் அதே கதைதான். நுனி வளைகிற ஏழடிக் கம்பைக் காட்டினார். "வளையற கம்ப வெச்சு என்னங்க பண்றது?" என்று கேட்டுவிட்டு, பன்னிரண்டு அடியில், உலக்கைக்கு அக்கா மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குட்டைக் கரையில் பொட்டலத்தைப் பிரித்தேன். நரம்பு கரண்டு ஒயர் போல விறைத்து நின்றது. கொக்கியில் குடத்தையே மாட்டலாம். என் மனைவி கவிதா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கெணத்துல உழுந்த வாளி எடுக்கற பாதாளக்கரண்டிங்களா இது?"

"இதுதான் இப்ப லேட்டஸ்ட்டு. நீ போ அம்மணி."

மூன்று மணி நேரம் வீசினேன். ஜிலேபிகள் கொக்கியைச் சுற்றி நின்று, இரையாக வைத்த மைதா மாவை மட்டும் கொறித்துவிட்டுப் போயின. ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்கார்ந்தது. பத்து மணிக்குச் சொந்தக்காரர்கள் வந்து கரையில் வரிசையாக நின்றார்கள். சிலர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கவிதாவின் பெரியப்பா மட்டும், "மாப்ளைக்கு வீச்சு நல்லா வருதுங்க" என்றார். மாமியார் மசாலா அரைத்தாகிவிட்டது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். வீட்டில் ஆட்டுக்கறி இல்லை, கோழி இல்லை, என் வாய்ப்பேச்சு மட்டும்தான் இருந்தது.

அப்போது கம்பு கனத்தது. இழுத்தேன். அசையவில்லை.

"மாமா! பெருசுங்க! ரோகு! பத்துக் கிலோ இருக்கும், வாங்க!"

பெரியவர்கள் மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். நரம்பைத் துண்டில் சுற்றித் தேர் இழுப்பது போல இழுத்தோம். அறுபதாம் நம்பர் நரம்பு, அறுந்தால்தானே? தண்ணீர் கலங்கியது, குமிழி வந்தது, 'படக்' என்று ஏதோ விட்டது. நாங்கள் நால்வரும் மல்லாக்க விழுந்தோம். எங்கள் நடுவில் சேறு சொட்டச் சொட்ட வந்து விழுந்தது, மோட்டாருக்குத் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு.

மாமனார் அதைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

"நல்லாப் புடிச்சுப்போட்டீங்க மாப்ள. போன மாசந்தான் புதுசாப் போட்டனுங்க."

தோப்புக்கும் வீட்டுக்கும் அந்த மோட்டார் ஒன்றுதான். தொட்டி காலி. இருபது பேருக்கு இப்போது மீனும் இல்லை, கை கழுவத் தண்ணீரும் இல்லை.

கவிதா வீட்டுக்குப் போய் ஒரு மூங்கில் குச்சியோடு வந்தாள். அதில் கண்ணுக்கே தெரியாத நரம்பு, அரிசி மணி அளவுக்குக் கொக்கி. மண்புழுவைக் கிள்ளி மாட்டினாள். போட்டாள், எடுத்தாள். போட்டாள், எடுத்தாள்.

"கொக்கிக்கு நம்பர் ஏறுனாச் சிறுசுங்க. நரம்புக்கு ஏறுனாத் தடிசுங்க. கடைக்காரரு சொல்லலீங்களா?"

"சொன்னாரு."

அவள் மீனால் வாளியை நிரப்பினாள். நான் புது வேட்டியோடு பக்கத்துத் தோப்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன்.

பந்தியில் மாமனார் என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். "எல்லாம் மாப்ள புடிச்ச மீனுங்க, கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவ்வளவு பேரும் கரையில் நின்று பார்த்தவர்கள்! எனக்கு மறுபடியும் கோபம் வந்தது, இந்தத் தடவை என் மேலேயே. எழுந்து நின்றேன்.

"மீனு கவிதா புடிச்சதுங்க. நான் புடிச்சது புட்வால்வு."

காலையிலிருந்து மரியாதைக்கு அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெடித்தது. பெரியப்பாவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து முடித்து, "பொய் சொல்லாத மாப்ளை கெடச்சிருக்காருங்க, போதுமுங்க" என்றார். எடை போட்டாகிவிட்டது.

இன்றைக்கு நான் நன்றாகவே மீன் பிடிப்பேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். ஜிலேபிக்கு நுனி வளைகிற ஏழடிக் கம்பு, இருபதாம் நம்பர் நரம்பு, பன்னிரண்டாம் நம்பர் கொக்கி. ரோகு, கட்லாவுக்கு நரம்பு முப்பத்தைந்து, கொக்கி ஆறு. இதற்கு மேல் தடிமன் கேட்பவன் மீன் பிடிக்கப் போகவில்லை.

அந்தப் பன்னிரண்டடிக் கம்பு மாமனார் வீட்டில் ஒட்டடை அடிக்கிறது. நரம்பைக் கொல்லையில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டியிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அறுந்துபோகவில்லை. நான் தூண்டிலோடு தோப்புக்குள் நுழைந்தால், மாமனார் சிரிக்காமல், அன்று ஆட்டுக்குக் கேட்ட அதே பணிவோடு கேட்கிறார்:

"மாப்ள, மோட்டார நிறுத்தி வெச்சுப்போடட்டுங்களா?"