கப்பலண்ணனின் மூன்றாவது சுவிட்ச்

நாகர்கோவிலில் கப்பலண்ணன் வீட்டுக்குள் போய், அவருடைய பின்பால் மிஷினுக்குள் தலையை விடாமல் திரும்பி வந்த மனிதப்பிறவி ஒன்றுகூடக் கிடையாது. காஸ் சிலிண்டர் போட வந்தவர் விட்டிருக்கிறார். கரண்டு ரீடிங் எடுக்க வந்த அம்மாள் விட்டிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த இரண்டு எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் விட்டு, எங்கள் தெருவின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒத்த கருத்துக்கு வந்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்பதே அந்தக் கருத்து.

பின்பால் மிஷினைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். நான்கு கால் முளைத்த, சரிவான ஒரு மரப்பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே ஓர் இரும்புக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே ஏறி, அங்கங்கே நிற்கிற குறிகளில் முட்டி மோதி, உருண்டு கீழே வரும். குழியில் விழுந்துவிடாமல் இரண்டு பக்கமும் பித்தானை அமுக்கி, சின்னத் துடுப்புகளால் அதைத் திரும்ப மேலே தட்டிவிட வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் பலகையின் அடியில் ஒரு சுவிட்ச். சுவிட்ச் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு மெல்லிய தகடுகள். அருகருகே நிற்கும், தொட்டுக்கொள்ளாது. குண்டு மோதும்போது மட்டும் ஒருகணம் தொடும். மணி அடிக்கும், பாயிண்ட் ஏறும். எங்கள் தெருவில் வீடுகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. மோதல் வந்தால்தான் தொடர்பு.

கொச்சியில் கப்பல்காரர்கள் தங்கும் பழைய விடுதி ஒன்றை இடித்தபோது அண்ணன் இந்த மிஷினை வாங்கி, டெம்போவில் அதன்மேல் கையைப் போட்டபடியே வந்து இறங்கினார். கப்பலில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் "எஞ்சினுக்குத் தொட்டடுத்து" என்பார். பொய் இல்லை. சமையல்கட்டு எஞ்சின் ரூமுக்குத் தொட்டடுத்துத்தான் இருந்ததாம். ஆகவே மின்சாரத்தையும் அவர் சமையல்காரராகவே அணுகினார். தோசைத் திருப்பியால் பலகையை நெம்புவார். மீன்முள் எடுக்கும் இடுக்கியால் தகடுகளை விலக்கிப் பார்ப்பார். ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு ஒரு தகட்டை நாக்கால் தொட்டு, சற்று யோசித்து, "உப்பு கூடிப்போச்சு" என்றார். கடற்காற்று வீசுகிற ஊரில் அதையும் தவறென்று சொல்லிவிட முடியாது.

சிக்கல் வலதுபக்கம் மூன்றாவது சுவிட்சில் இருந்தது. காலையில் அடிக்காது. மத்தியானத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல அடிக்கும். கோளாறு கண்டுபிடிக்க இரண்டு ஆள் தேவை. ஒருவர் மேலே குறியை அமுக்க வேண்டும், இன்னொருவர் பலகைக்கு அடியில் தலையை விட்டு, தகடு தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணனின் மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை. எனவே வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் எல்லோரும் இரண்டாவது ஆள்.

சபைப் போதகர் வீடு சந்திக்க வந்த நாளை மறக்க முடியாது. மிஷினின் பின்பலகையில் நீச்சலுடையில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருப்பாள். போதகருக்கு மரியாதையாக அண்ணன் அவளுக்குத் தன்னுடைய கட்டம் போட்ட லுங்கிச் சாரத்தைக் கட்டிவிட்டார். அது இடுப்புக்கு மேல் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. போதகர் கண்ணை மூடி நீண்ட ஜெபம் செய்தார். எழுந்திருக்கப் போனவரின் கையில் அண்ணன் டார்ச்சைக் கொடுத்தார். அரைமணி நேரம் கழித்து அங்கியெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்த போதகர், இதற்கு உபவாசம் இருந்துதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்து ஆபீசுக்குப் போய்வந்தேன். மகளின் பிரசவத்துக்கென்று பெங்களூர் போன என் மனைவி, பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் திரும்புகிற வழியைக் காணோம். வீட்டில் என்னிடம் குரல் கொடுத்துப் பேசிய ஒரே ஜீவன் பிரஷர் குக்கர். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே அண்ணன் கூப்பிட்டால், எழுதிக்கொண்டிருந்த அமர காவியத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவேன். பாதியில் நின்றதால் இலக்கியத்துக்கு நஷ்டமில்லை.

அவருடைய மகன் அஜின் மஸ்கட்டில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறான். வெள்ளிக்கிழமை லீவு. அன்று காலையில் ஆராதனைக்குப் புறப்படுமுன் அப்பாவுக்கு வீடியோ கால் போடுவான். மிஷின் வருவதற்கு முன்னால் அந்தப் பேச்சு என் ஜன்னல் வரை கேட்கும். சாப்பிட்டியா என்பார் இவர். சாப்பிட்டேன், நீங்க என்பான் அவன். ஆச்சு என்பார். அங்கே சூடா என்று கேட்பார். ஆமாம் என்பான். இங்கே மழை என்பார். அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். இவர் திரையில் மஸ்கட்டின் மோட்டுவளை தெரியும், அவன் திரையில் நாகர்கோவிலின் மின்விசிறி.

மிஷின் வந்தபின் எல்லாம் மாறிற்று. அண்ணன் போனைப் பெட்டிக்குள் மல்லாக்கப் படுக்க வைத்து, பலகையை இறக்கிவிட்டு மேலே குண்டை உருட்டுவார். கடல் கடந்து உட்கார்ந்திருக்கிற மகன் அடியிலிருந்து சுவிட்சைப் பார்த்துச் சொல்லுவான். தொடலப்பா. இன்னும் இடதுபக்கம். அது வலது. இல்ல, உங்களுக்கு வலது. ஒருமணி நேரம் போவதே தெரியாது. நடுவில் அம்மா அந்தக் காலத்தில் வைத்த மீன்குழம்பு வரும், அவனுடைய மேனேஜர் வருவான், கல்யாணப் பேச்சு வந்து அவசரமாகப் போகும். முடிவில் கோளாறு கண்டுபிடிக்கப்படாமல் பத்திரமாக அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைக்கப்படும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் நான் அறிவாளியாகப் புகுந்தேன்.

மார்கழி மாதம், ஒரு புதன்கிழமை காலை. அண்ணன் சாயா போட உள்ளே போயிருந்தார். பலகைக்கு அடியில் தலையை விட்டுக் காத்திருந்த எனக்குக் குப்பென்று தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. அன்று காலைதான் என் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் உறைந்துபோய், உருகட்டும் என்று அதை வெயிலில் வைத்துவிட்டு வந்திருந்தேன். டார்ச்சை அருகில் கொண்டுபோனேன். மூன்றாவது சுவிட்சின் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் மெழுகு போல வெள்ளையாக ஒன்று அப்பியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் தலை, கதவுக்கீல், மூட்டுவலி எதுவானாலும் மருந்து ஒன்றுதான். குறி கிறீச்சிடுகிறது என்று அண்ணன் சுவிட்சுக்கும் எண்ணெய் தேய்த்திருக்கிறார். இரவில் அது உறைந்து தகடுகளைப் பிரித்து வைக்கும். வெயில் ஏறினால் உருகி வழிவிடும். என்னிடமிருந்த ஒரே சுத்தமான கைக்குட்டையால் துடைத்தேன். தலையை வெளியே எடுத்து, மேலே வந்து குறியை அமுக்கினேன்.

மணி கணீரென்று அடித்தது.

அண்ணன் இரண்டு கையிலும் சாயாவோடு வாசற்படியில் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைச் சரிசெய்தவனின் பெருமையோடு நான் விவரம் முழுவதும் சொன்னேன். அவர் கிளாசைக் கீழே வைத்தார். தானே வந்து அமுக்கினார். மணி அடித்தது. இன்னொருமுறை அமுக்கினார். அதுவும் அடித்தது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் விட்டிருக்கலாம்லா மக்கா" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சாயாவை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. இரண்டு நாளும் அந்த வீட்டிலிருந்து மணிச்சத்தமே இல்லை. பழையபடி எண்ணெய் தேய்த்துவிடலாமே என்று சொல்லிப் பார்க்க நினைத்தேன். ஆனால் மகனை ஏமாற்றுகிற மனிதர் இல்லை அவர். மகன் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாலும், காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே சொல்லுகிறவர்.

வெள்ளிக்கிழமை காலை அவரே என்னைக் கூப்பிட்டார். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். போன் வந்தது. சாப்பிட்டாயிற்றா என்பது முடிந்தது. சூடு, மழை முடிந்தது.

"மிஷின் என்னப்பா சொல்லுது?"

"ஓடுது மக்கா. மாடியில உள்ள இவன் செரியாக்கிப் போட்டான்." ஸ்டேஷனில் புகார் கொடுக்கிற குரல்.

"அப்படியா. நல்லது."

அஜினின் திரையில் மின்விசிறி சுற்றியிருக்கும். அங்கே அவனோடு அறையில் தங்கியிருக்கிற யாரோ, நேரமாச்சு, புறப்படு என்றது எங்களுக்குக் கேட்டது. அண்ணன் கட்டைவிரலைப் போனின் சிவப்புப் பித்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார்.

"ஒருக்கா உருட்டுங்க, பாப்போம்" என்றான் அஜின்.

போனை உள்ளே படுக்க வைத்தோம். அண்ணன் ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். குண்டு ஏறி, சுற்றி, மூன்றாவது குறியில் நேராக மோதியது. அடித்த மணி நான்கு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

பெட்டிக்குள்ளிருந்து அஜினின் குரல் வந்தது.

"இல்லப்பா. மூணாவது கொஞ்சம் தாமசிச்சுத்தான் அடிக்குது. நான் இஞ்ச இருந்து பாக்கேன்லா. கூட ஒருக்கா உருட்டுங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சுதா மக்கா?"

எனக்குத் தெரிந்து அந்த மணி, குண்டு மோதுவதற்கு முன்பே அடித்துவிடுகிற அவசரத்தில் இருந்தது.

"லேசாத் தாமசம் உண்டு அண்ணே" என்றேன்.

அவர் முழங்கைக்குமேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஸ்பிரிங்கை இழுத்தார். அஜின் அன்றைக்கு ஆராதனைக்குப் போகவில்லை. நான் வாசலுக்கு வந்து ஆபீசுக்குப் போன் செய்து, வீட்டில் ஓர் அவசரம், வர மத்தியானமாகும் என்று சொன்னேன்.